மூன்றே நாளில் மூட்டை கட்டும் நம் நாடகங்கள்

நம்ம சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நடிப்பையோ எழுத்தையோ குறை சொல்லவில்லை. புது நாடகம் வெள்ளிக்கிழமை இரவு அரங்கேறுகிறது. ஞாயிறு மாலைக் காட்சி முடிந்ததும் செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுகிறோம். நாடகம் அப்போதுதான் உருப்படத் தொடங்கியிருக்கும்.

நான் ஒலி, ஒளி வேலை பார்க்கிறவன். ஒத்திகை அறையில் சிரிக்கிற கூட்டம் எது என்று எனக்குத் தெரியும், நாங்கள்தான். அதே நகைச்சுவையை நூறு தடவை கேட்டுவிட்டு, பாவம் நடிகர் கஷ்டப்படுகிறாரே என்று சிரிப்போம். அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

சமீபத்தில் வேலை பார்த்த ஒரு நாடகத்தில், யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அப்பா. வெளிநாட்டிலிருந்து மகன் போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சாப்பா?" ஒத்திகையில் அது வெறும் சிரிப்பு வசனம். முதல் காட்சியிலும் இரண்டு தடவை சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை அப்பா "ம், ஆச்சுப்பா" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கடைசி வரிசையில், என் கன்சோலுக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா, "பொய் சொல்றாரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். வேறு சத்தமே இல்லை.

அதற்கு அடுத்து அப்பா தன் தனிமையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டும். பேசினார். இருமல், நாற்காலி கிறீச்சிடும் சத்தம், யாரோ கைக்கடிகாரத்தைப் பார்க்கும் வெளிச்சம். மறுநாள் மதியம் இயக்குநர் அந்த வசனம் முழுவதையும் பென்சிலால் அடித்துவிட்டார். எழுதியவருக்கு முகம் சுருங்கியது. அன்றிரவுக் காட்சியைப் பார்த்தபின் வாயே திறக்கவில்லை. நடிகரும் அன்று "ம்" சொல்வதற்கு முன்னால் அடுப்பு பக்கம் ஒரு முறை திரும்பினார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முந்தைய இரவு அந்த அரங்கம் சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி திருத்தங்களுக்கு நாம் தரும் அவகாசம் இரண்டு இரவுகள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மேடைக்கு மேலே ஓடும் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள். வசனத்தின் பாதியிலேயே முழு வரியும் மேலே வந்துவிட்டால், தமிழ் தெரியாதவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அந்தச் சிரிப்பில் வசனத்தைத் தவற விடுகிறார்கள். நடிகர் நடுவில் திணறுகிறார். வரிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பல இன நண்பர்கள் வந்து பார்ப்பது நல்லதுதான். எந்த நொடியில் வரியை விட வேண்டும் என்பது ஆட்கள் நிறைந்த அரங்கில்தான் பிடிபடும். 1988இல் இங்குள்ள நாடகாசிரியர் குவோ பாவ் குன், பூனையைத் தேடிப் போகும் தாயின் கதையைப் பல மொழிகளில் மேடையேற்றினார். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் அந்தத் தாயும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் சைகையிலேயே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் காட்சி அதில் உண்டு. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அரங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மிச்சத்தை அவரவர் தாங்களே நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

பார்வையாளரின் பலம் அரசாங்கத்துக்கும் தெரிந்தே இருந்தது. பார்க்க வந்தவரே மேடையேறிக் கதையை மாற்றும் ஃபோரம் தியேட்டருக்கு 1994இல் இங்கே நிதியுதவி நிறுத்தப்பட்டது. எழுதிவைத்த வசனம் இல்லை, யார் என்ன பேசுவார்களோ என்ற கவலை. நிதி திரும்பி வர ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. அந்தக் கவலையில் ஒரு மரியாதை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. முதல் நாள் சொந்தபந்தங்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்து உட்கார வைத்து, எழுந்து நின்று கைதட்டச் சொல்லி, செல்ஃபி எடுத்து அனுப்பும் நாம் அந்த அளவுக்குக்கூட மதிப்பதில்லை. உண்மையான பார்வையாளர் வேண்டுமென்றால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கேளுங்கள். அலுத்தால் அந்த நொடியே தெரிந்துவிடும்.

அரங்க வாடகை என்ன விலை என்று குழு நடத்துகிறவர்கள் கேட்பீர்கள். தெரியும். எஸ்பிளனேட் மாதிரி பெரிய அரங்கில் ஒரு வாரம் எடுக்கச் சொல்லவில்லை. அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னால், ஒத்திகை அறையிலேயே, செட் இல்லாமல், முப்பது நாற்காலி போட்டு நடத்துங்கள். குழுவில் யாருக்கும் தெரியாத ஆட்களாகக் கூப்பிடுங்கள். அங் மோ கியோ காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும்தான். மானியம் கேட்கும் விண்ணப்பத்தில் இதற்கென்று ஒரு தொகை போடலாம் என்பது என் எண்ணம். விளம்பரப் பதாகையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாலும் போதும்.

பார்க்க வருகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். காட்சிக்குப் பிந்திய உரையாடலில் "எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீங்க?" என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று சொல்லுங்கள். மைக்கில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வெளியே லிஃப்டுக்குப் பக்கத்தில் என்னைப் பிடியுங்கள், அப்புறம் இயக்குநரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.