கயிறு யார் கையில்?

சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்குகிறவன் கயிற்றை யார் கையில் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும்? எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள், "மச்சான் கையில." கூடப்பிறந்த தம்பி படகிலேயே உட்கார்ந்திருந்தாலும் மச்சான்தான். தம்பிக்குச் சொத்தில் பங்கு இருக்கிறது, மச்சானுக்கு அக்காள் தாலி இருக்கிறது. அவ்வளவு கறாரான கணக்கு!

இந்தக் கார்த்திகையில் என் அக்காள் மகன் ஒரு காரியம் செய்தான். 17 வயசு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்த அன்று, கூட்டாளிகள் மூன்று பேரோடு வல்லத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாடைக்கு வடகடல்தானே அடிக்கும், தெற்குக்கடல் சும்மா கிடக்கும் என்று கணக்காம். பொழுது சாயும் நேரத்தில் வலையில் பாதியை அறுத்துவிட்டு, இன்ஜினில் தண்ணீர் ஏறி, ஒருவழியாகக் கரை வந்து சேர்ந்தார்கள். "கூண்டு ஏத்துனது தெரியாதாடா?" என்றேன். "தெரியும் மாமா. தனியா இருந்தா போயிருக்க மாட்டேன்" என்றான்.

அடிக்கக் கை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அவன் சொன்னது பொய்யில்லை. 2011-இல் ஜேசன் செயின், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்களின் குழுவினர் அமெரிக்காவில் இதைத்தான் சோதித்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். கூட்டாளி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் விடலைப் பிள்ளைகள் துணிந்து சிக்னலைத் தாண்டினார்கள், மூளையில் ஆதாயத்துக்குத் துள்ளும் பகுதியும் கூடுதலாகத் துள்ளியது. பெரியவர்களிடம் அந்த மாற்றமில்லை. 2015-இல் ஈவா டெல்சர் குழுவினர் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இதேபோல ஒரு விளையாட்டைக் கொடுத்து, கூட்டாளிக்குப் பதில் அம்மாவைப் பக்கத்தில் வைத்தார்கள். துணிச்சல் இறங்கியது, அந்தத் துள்ளலும் அடங்கியது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2006-இல் வந்த ஜேம்ஸ் கோன் ஆய்வு. கல்யாணமான 16 பெண்கள். ஷாக் அடிக்கப்போகிறோம் என்று பயமுறுத்தி மூளையைப் படம்பிடித்தார்கள். புருஷன் கையைப் பிடித்திருந்தபோது பதற்றம் குறைந்தது. இணக்கமான தம்பதி என்றால் இன்னும் குறைந்தது. முன்பின் தெரியாதவர் கைக்கு அந்த அளவு பலனில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலில் பயம் குறைவது எப்போதும் நல்லதா?

நானும் ஒன்பது வருஷம் அக்காள் வீட்டுக்காரரோடு தொழிலுக்குப் போனவன். அவருக்கு இறால் பாடு தெரிந்தால் எல்லைக்கோடெல்லாம் கண்ணில் படாது. நான் படகின் பின்பக்கம், பின்னணியத்தில் உட்கார்ந்து, "போதும் மச்சான், திருப்புங்க" என்பேன். "பொட்டப்பயலே" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே திருப்புவார். அவர் பயப்படாமல் இருந்ததற்குக் காரணமே, பயப்பட நான் ஒருத்தன் படகில் இருந்தேன் என்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நாலு கூட்டாளிகள் போன வல்லத்திலும் பயம் குறைந்தது, ஆனால் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள ஆளில்லை.

உறவே கடலுக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. தங்கச்சி கல்யாணம், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் என்று காற்றுக்குள் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் உறவுக்கு நான் கோயில் கட்டவில்லை.

எனக்கு ஆற்றாமை கரையில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் மீதுதான். பையன்களை வரிசையாக உட்காரவைத்து லைஃப் ஜாக்கெட் பற்றிப் பேசி, பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருத்தனும் தனியாக உட்கார்ந்து முடிவெடுப்பது போல! ஆத்தாக்களையும் மாமன் மச்சான்களையும் அல்லவா கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும்?

நேற்று அக்காள் போன் பண்ணினாள். "சனிக்கிழமை மறுபடி போறானாம்டா. ஒரு தடவ நீயும் கூடப் போயிட்டு வாயேன்." நான் கடலை விட்டுக் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. பாம்பன் பாலத்தில் பஸ் ஆடினாலே எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. சரி என்று சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று பேரும் வருகிறார்களாம்.