எண்ணெய் மட்டும் போட்டால் துரு நிற்காது

மோசின் நாகாந்த் என்ற பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கியில் அந்தக் கால சோவியத் ராணுவத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, குழலில் எண்ணெய்த் துணியை ஓட்டினால் போதும், துருப்பிடிக்காது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் இதை மட்டும் திருத்திவிடலாம் என்று தோன்றியது.

அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடிபட்டதும் தீப்பற்றி வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் என்ற வேதிப்பொருள் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாக, குழலுக்குள் படிகிறது. அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. தண்ணீர் கரைக்கும். அதனால் முதலில் வெந்நீரால் குழலையும், தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் முகப்பையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் எண்ணெய் போட வேண்டும். (வேட்டை முடிந்து களைப்பாக வந்து இதைச் செய்வது எரிச்சல்தான், மறுக்கவில்லை.)

என்னை நம்ப வேண்டாம். இரண்டு கிண்ணம் எடுத்து ஒன்றில் எண்ணெய், மற்றதில் வெந்நீர் விட்டு இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். எண்ணெயில் உப்பு அப்படியே அடியில் கிடக்கும். லீ என்ஃபீல்டு என்ற பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருந்த பிரிட்டிஷ் படையினருக்குக் குழலில் கொதிநீர் ஊற்றத் தனியாகப் புனலே இருந்தது. பழைய ராணுவப் பொருள் விற்பவர்களிடம் இன்றும் அதைப் பார்க்கலாம்.