அவிழ்த்துவிட ஓர் அரை ஏக்கர் கூடவா இல்லை?

சென்னையில் நாய் வளர்ப்பவர் என்னென்ன செய்யக் கூடாது என்று சொல்வதற்குத் தெருவுக்கு ஓர் அறிவிப்பு இருக்கிறது. அந்த நாயை எங்கே அவிழ்த்துவிடலாம் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. உரிமம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாயிற்று. வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொன்னார்கள், அதுவும் ஆயிற்று. உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் மாநகராட்சி அறிவித்ததையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம். இவ்வளவுக்கும் பிறகு, பக்கத்துப் பூங்காவின் வாசலில் கால் வைத்தவுடன் காவலாளி கம்பைத் தரையில் தட்டி, "நாயெல்லாம் உள்ளே விடக் கூடாது சார், போர்டைப் பாருங்க" என்கிறார். அவரை நொந்து பயனில்லை; நாயை விட்டால் அவர் வேலைக்கல்லவா உலை?

என்னிடம் இருப்பது சிப்பிப்பாறை. கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட, ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட அந்த இனத்துக்கு ஓட்டம் என்பது பொழுதுபோக்கு அன்று, உடம்பின் தேவை. 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். 2020-இல் பிரதமரே வானொலியில் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் பெயர் சொல்லிப் பாராட்டி, நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். வளர்த்தோம். ஓடவிட இடம் எங்கே என்று கேட்டால்தான் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான் நடக்கும் நடைக்கு அதன் கால் சூடுகூட ஏறுவதில்லை. அதிலும் நடைபாதையை இருசக்கர வாகனங்கள் அடைத்துக் கிடக்க, தெருமுனைக்குத் தெருமுனை அந்தந்த எல்லையின் நாய்கள் சூழ்ந்துகொண்டு குரைக்க, ஒரு கையில் சங்கிலியும் மறுகையில் குடையுமாக வீடு திரும்புவதற்குப் பெயர் உடற்பயிற்சியாம்!

நாய்க்கு அஞ்சுபவர்களின் அச்சத்தை நான் இழிவாகப் பேசவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை மறக்க முடியாது. பொது இடத்தில் சங்கிலி கட்டாயம் என்பதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கொடுமையிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம், குழந்தைகள் விளையாடும் இடத்தையும் நாய்கள் ஓடும் இடத்தையும் வேலி போட்டுப் பிரிப்பது அல்லவா? ஆளுயரக் கம்பிவலை, ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்கும்படி இரட்டைக் கதவு, சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், நிழலுக்கு நாலு வேப்பமரம். இதற்கு மேல் என்ன கேட்டோம்? ஐதராபாத்தின் கொண்டாப்பூரில் 2018-லேயே அந்த மாநகராட்சி நாய்களுக்கென்று ஒரு பூங்காவைத் திறந்துவிட்டது.

இடம் இல்லை என்ற பதிலை மட்டும் சொல்லாதீர்கள். பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே விதி. அப்படி வந்த மனைகளில் சில, வாசலில் துருப்பிடித்த பூட்டும் உள்ளே கட்டட இடிபாடுகளும் முள்செடியுமாகக் கிடப்பதை நான் தினமும் கடந்து போகிறேன். மண்டலத்துக்கு ஒன்றைத் துப்புரவாக்கிக் கொடுங்கள். கட்டணம் வேண்டுமா, வாங்கிக்கொள்ளுங்கள். உரிமச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் காட்டினால்தான் அனுமதி என்று வையுங்கள், நாங்கள் கொடுத்த விவரங்களுக்கு அப்போதாவது ஒரு பயன் இருக்கும். இன்றோ, ஊருக்கு வெளியே தனியார் நடத்தும் இடங்களுக்குக் காரில் போய் மணிக்கணக்குக்குப் பணம் கட்டக்கூடியவரின் நாய் மட்டுமே ஓடுகிறது.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடைபாதையில் நாய் மலம் கழித்ததும் கைப்பேசியைப் பார்ப்பது போல் நழுவிப் போகும் கனவான்களே, நாளைக்கு அந்த அரை ஏக்கர் கிடைக்காமல் போனால் பூங்கா வாசல் பலகையைக் குறை சொல்ல உங்களுக்கு வாய் இருக்கக் கூடாது.