சுத்திகரிப்பு ஆலையைப் பூட்டிவிட்டால் கழிவுநீர் எங்கே போகும்?

இந்த வருஷம் கரகம் ஜோடிக்க ஆற்றுக்குப் போக வேண்டாம், டிரம்மில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்துவிடலாம் என்று கோயில் கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கழிவுநீர் கலந்த ஆற்றில் இறங்கிய பிள்ளைகள் காலில் சொறி வந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நாமும் கரையை விட்டு வந்துவிட்டால், அந்த ஆற்றுக்காகக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் இந்த நேட்டாலில் நம் முன்னோர்கள் ஆற்றங்கரை பார்த்துத்தான் கோயில் கட்டினார்கள். டர்பனில் அம்பிலோ ஆற்றோரம் இருந்த கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1947இல் அதே நகரின் கேட்டோ மேனர் பகுதியில் அதைத் திரும்ப எழுப்பியபோதும் இன்னோர் ஆற்றங்கரையைத்தான் தேடிப் போனார்கள்.

2022 ஏப்ரல் வெள்ளம் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலிவாங்கியது. டர்பன் பகுதியில் கழிவுநீர் ஆலைகளும் பம்ப் நிலையங்களும் நாசமாயின. எங்கள் ஊர்ச் சின்ன ஆலையிலும் மோட்டார் அறை முழுகியது. அன்று பூட்டிய கேட் இன்னும் திறக்கவில்லை. ஆனால் ஊரில் ஒரு வீட்டுக் கழிப்பறையைக்கூட யாரும் பூட்டவில்லையே! குழாய் வழியே வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது. பம்ப் ஓடாததால் நிரம்பி வழிந்து நேரே ஆற்றில் விழுகிறது.

வேலியோரம் நின்று பாருங்கள். கல் வடிகட்டியின் மேல் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்த இரும்புக் கை துருப்பிடித்து நிற்கிறது. அந்தக் கற்களில் படிந்திருந்த கிருமிகள்தான் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தேற்றின. கசடு காயவைக்கும் தொட்டிகளில் தக்காளிச் செடி காடாக மண்டிக் கிடக்கிறது. நம் வயிற்றில் செரிக்காமல் வந்த விதைகள். கீழே குழாய் வாயில் சாம்பல் நிற நுரை, நாணலில் சிக்கிய கந்தல். அதற்கும் கீழே ஆகாயத்தாமரை. பூ அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். கழிவில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்கு உரம். அது மூடிய இடத்தில் வெளிச்சம் இறங்காது, தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். மழை குறைந்த குளிர்காலத்தில் கடல் மணல் திட்டு போட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும். அப்போது அத்தனையும் அங்கேயே தேங்கி நிற்கும்.

மேலே இருக்கிற குடிசைக்காரர்கள்தான் காரணம் என்று நம்மில் சிலர் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்தக் குடிசைகளுக்குக் கழிவுக் குழாயே கிடையாது. ஆற்றில் விழும் குழாய் நம் வீடுகளிலிருந்து போவது. அதன் கீழே அந்தத் தண்ணீரில் துணி துவைக்கும் ஜூலு பெண்களுக்கு டிரம் கொண்டுவர யார் இருக்கிறார்கள்?

பெரிய ஆலை ஒன்று வரப்போகிறது, அதுவரை பொறுங்கள் என்று உள்ளாட்சியில் சொல்கிறார்கள். சரி, வரட்டும். அதுவரை பழையதை ஓட்டுவதில் என்ன தடை? கல் வடிகட்டிக்கும் குளங்களுக்கும் பெரிதாக மின்சாரம் தேவையில்லை. உள்ளே வரும் தண்ணீரை ஏற்றும் பம்பும், கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டரும் போதும். ஊர் பெருத்துவிட்டது, முழுவதையும் அது தாங்காது, உண்மைதான். பாதி சுத்தமானாலும் ஆற்றுக்கு அது பெரிய விஷயம். சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரில் 100 மில்லிக்கு 1,000 மலக்கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாட்டின் பொது வரம்பு. மாதாமாதம் சோதனை எடுத்து, அந்த எண்ணைக் கேட்டில் எழுதி ஒட்டட்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. கழிவுநீர் ஆலைகளைத் தரம் பார்க்கும் அரசின் 2022 கிரீன் டிராப் அறிக்கைப்படி உள்ளாட்சிகளின் 334 கழிவுநீர் அமைப்புகள் படுமோசமான நிலையில் இருந்தன. கேட்காத ஊரின் முறை கடைசியில்தான் வரும்.

கமிட்டிக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆடிக் கஞ்சிக்கு முன்னால் கோயில் முத்திரையோடு உள்ளாட்சிக்கு ஒரு கடிதம் போகட்டும். கீழ்க்கரையில் ஞானஸ்நானம் கொடுக்கும் ஜூலு சபையாரும் இதே தண்ணீரில்தான் இறங்குகிறார்கள். அவர்களுடைய பெரியவரிடம் பேசிவிட்டேன், கூடவே கையெழுத்துப் போடத் தயார் என்றார். நம் பக்கம் யார் யார் வருகிறீர்கள்?