மார்ஃபின் என்றதும் முகம் மாறுகிறவர்களுக்கு

"மார்ஃபினா? அப்போ அவ்வளவுதானா?" புற்றுநோயாளிக்குக் கடும் வலியை அடக்க டாக்டர் அந்த மாத்திரையை எழுதிய அன்றைக்கே சொந்தத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். எங்கள் பெரியம்மா வீட்டிலும் கேட்டார்கள். பெரியப்பா மாத்திரையை பீரோவில் வைத்துப் பூட்டி, "ரொம்பத் தாங்க முடியாதப்ப மட்டும் குடுக்கலாம்" என்றார். பாசம்தான். ஆனால் ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைத்தது பெரியம்மா.

சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது சுமார் நாலு மணி நேரம். வலி தலைதூக்கும் முன்பே மணி பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். ராத்திரி நடுவில் எழுப்ப வேண்டாமே என்று படுக்கும்போது இரட்டை டோஸ் எழுதுவதும் உண்டு. இடையில் வலி கிளம்பினால் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு டோஸ் சொல்வார்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கம், குமட்டல் இருக்கும், பெரும்பாலும் போய்விடும். போகாதது மலச்சிக்கல். அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். வலி அடங்கிய பிறகு பெரியம்மா எங்களைத் திட்டியதெல்லாம் இதற்காகத்தான்.

"அடிமையாயிட்டா?" என்பது அடுத்த கேள்வி. உடம்பு மருந்துக்குப் பழகும், உண்மைதான்; திடீரென்று நிறுத்தக் கூடாது. அதற்காக அதைப் போதைக்கு அலைவதோடு சேர்க்காதீர்கள். அளவை நாமாகக் கூட்டக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. பூட்டி வைப்பது அதற்காக என்றால் சரி.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் கொடுத்தே அபினி விளைவிக்கிறார்கள்; மார்ஃபின் எடுப்பது அதிலிருந்துதான். ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டம் வந்தபின், லைசென்ஸ் தொல்லைக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014 திருத்தம் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது; அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்துக்குப் பல லைசென்ஸ் தேவையில்லை. அதற்கும் வெகு முன்பே, 1993-லேயே, டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் கோழிக்கோட்டில் வலி நிவாரண கிளினிக் தொடங்கிவிட்டார்கள். சட்டத்தையே சாக்கு சொல்கிறவர்களை இன்னும் எத்தனை வருஷம் நம்புவது?

வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறதென்றால், வலி முற்றும்வரை காத்திருக்காமல் இப்போதே கேட்டு வையுங்கள்: இங்கே மார்ஃபின் தருவீர்களா, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார். அதையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.