ஒரு கேமுக்கு எத்தனை செக்போஸ்ட்?

ஐப்பசி மழை. குன்னூர் ரோட்டில் எங்கேயோ மரம் சாய்ந்து, கேபிளும் அறுந்து, நெட் அவுட். வாங்கி, இறக்கி வைத்த கேமையாவது ஆடலாமென்று உட்கார்ந்தால் "இணைய இணைப்பு தேவை" என்கிறது லாஞ்சர், அதாவது கேமைத் திறந்துவிடுகிற சாஃப்ட்வேர். தனியாளாக ஆடுகிற கேமுக்கு நெட் எதுக்குய்யா?

கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில், நெட் இல்லாமல் ஆட ஆஃப்லைன் மோடு இருக்கே என்பார்கள். இருக்கு. நெட் இருக்கும்போதே லாகின் பண்ணி, அப்டேட் முடித்து, கேமை ஒரு தரம் திறந்து பார்த்திருக்கணும். மரம் போன் பண்ணிச் சொல்லிவிட்டா விழும்? இதில் யூபிசாஃப்ட், ராக்ஸ்டார் கம்பெனிகளின் கேம் என்றால் ஸ்டீமில் காசு கொடுத்தாலும் உள்ளே இன்னொரு லாஞ்சர், இன்னொரு பாஸ்வேர்டு. ஊட்டி மலை ஏற கல்லாரில் இ-பாஸ் காட்டினவனை பர்லியாறில் மறுபடி நிறுத்துகிற கதை.

இன்னொரு கடையான எபிக் வியாழன்தோறும் இலவச கேம் தருகிறது, மகராசன். ஆனால் 2018 டிசம்பரில் திறந்த கடைக்கு, பல கேமை ஒன்றாகச் சேர்த்து வாங்குகிற கூடை வந்தது 2021 டிசம்பரில்! நூறு ஜிபி கேமை தினம் 2 ஜிபி பேக்கில் இறக்க 50 நாள். நண்பனிடமிருந்து காப்பி பண்ணலாமா? ஸ்டீமில் செட்டிங்கில் நண்பர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டு ஒரே வைஃபையில் இருந்தால் தானாகவே இழுத்துக்கொள்ளும். எபிக்கில் டவுன்லோடைத் தொடங்கி, நிறுத்தி, லாஞ்சரை மூடி, நண்பனின் கேம் ஃபோல்டரை அதன் மேலே பேஸ்ட் பண்ணி, திரும்பத் தொடங்கி, அது ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்க்கிறவரை சாமி கும்பிடணும்.

இந்த வரிசையில் ஜிஓஜி என்கிற கடைதான் இன்ஸ்டாலரையே கையில் கொடுக்கிறது. ஹார்டு டிஸ்கில் போட்டுவைத்தால் நெட்டே வேண்டாம். நமக்கு வேண்டிய கேம் மட்டும் அங்கே இருக்காது.