நூறில் தொடங்கும் அந்த முகவரி

தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு கேமரா. அதற்கு சிம் போட்ட 4ஜி மோடம். வீட்டிலிருந்தே மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்பதுதான் கனவு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

கேமராவின் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதைக் கண்டுபிடிக்கும் எண், 192.168.1.20. சரி, அது வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர்; வெளியே யாருக்கும் தெரியாது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 100.72 என்று தொடங்கும் ஒரு முகவரி. இணையத்தில் தேடிப் பார்த்தால் நான் வேறோர் எண்ணில் இருக்கிறேனாம்! வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் 'போர்ட் ஃபார்வர்டிங்' அமைப்பை நான்கு முறை அழித்து அழித்துப் போட்ட பிறகுதான் விளங்கியது: 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே 2012இல் ஒதுக்கப்பட்டவை. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்ட முடியாது. கதவே என்னுடையதில்லையே!

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "மோடத்தை அணைத்துப் போட்டுப் பாருங்கள் சார்." பத்து முறை போட்டேன். பிறகு கூடுதல் பணம் கட்டி 'நிலையான ஐபி' வாங்கினேன். வந்தது 10இல் தொடங்கும் முகவரி; அதுவும் உள்ளுக்குள் மட்டுமே செல்லும் செல்லப்பெயர்தான். நிலையானதுதான், மறுக்கவில்லை, மாறவே மாறாது. ஆனால் வெளியிலிருந்து எட்டவும் எட்டாது. நிலையானது வேறு, பொதுவானது வேறு என்பதைப் பணம் வாங்குமுன் ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

இப்போதும் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்துதான் போகிறேன்.